கோஆர்டினேட்டரை தூக்குறதுக்கு முன்னாடி லைனைப் பாருங்க: என்எஃப்எல் ஓனர்களுக்கும் ஜெனரல் மேனேஜர்களுக்கும் ஒரு திறந்த மடல்

என்எஃப்எல் டீம் ஓனர்களுக்கும் ஜெனரல் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

நான் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல ஆடுற சிகாகோ பேர்ஸ் டீமோட ரசிகன். ஆனா இந்த மடல் பேர்ஸ்க்கு மட்டும் இல்ல, 32 டீமுக்கும் சேர்த்து தான். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் நவம்பர் ஆச்சுன்னா ஏதோ ஒரு டீமோட ஆஃபென்ஸ் (பந்தை வெச்சு ஸ்கோர் பண்ற பக்கம்) படுத்துடும், ஸ்கோரே வராது, ஸ்டேடியத்துல கத்துவாங்க, டிவில ரேடியோல எல்லாரும் ப்ளே-காலிங் சரியில்ல ப்ளே-காலிங் சரியில்லன்னு ஒரே பாட்டு பாடுவாங்க, நீங்களும் ஒரு செவ்வாய்க்கிழமை காலைல, ஒவ்வொரு தடவையும் என்ன ப்ளே ஆடணும்னு கூப்பிடுற கோச்சான ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டரை வீட்டுக்கு அனுப்பிட்டு பிரச்சனை முடிஞ்சதுன்னு பிரஸ் ரிலீஸ் விடுவீங்க. அந்த ஆளை தூக்கிட்டா நிஜமாவே பிரச்சனை முடியுதா? நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் முடியல. ஏன்னா, பந்தை வீசுற குவார்ட்டர்பேக்கை காப்பாத்துற அஞ்சு பேர் லைன்ல தான் பெரும்பாலும் கோளாறு, அதை சொல்லத்தான் இதை எழுதுறேன்.

2024 பேர்ஸ் சீசனையே எடுத்துக்குவோம். டிராஃப்ட்ல (காலேஜ் ஆட்டக்காரங்களை டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்குறது) முதல் ஆளா குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுத்தாங்க, 9வது ஆளா ரிசீவர் (பாஸைப் பிடிக்கிறவர்) ரோம் ஒடூன்சே, ஏற்கனவே டிஜே மூர் இருக்காரு, டிரேட்ல கீனன் ஆலன் வந்தாரு, ரன்னிங் பேக்குக்கு (பந்தோட ஓடுறவர்) டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட். பேப்பர்ல பார்த்தா கண்ணைப் பறிக்குற டீம். முதல் மேட்ச்ல டைட்டன்ஸை 24-17ன்னு ஜெயிச்சாங்க, ஆனா ஆஃபென்ஸ் ஒரு டச்டவுன் கூட போடல, எல்லாம் டிஃபென்சும் ஸ்பெஷல் டீமும் போட்டது. அடுத்த வாரம் ஹூஸ்டன்ல வில்லியம்ஸை 7 தடவை சாக் பண்ணாங்க, அதாவது பந்தை வீசுறதுக்கு முன்னாடியே பிடிச்சு அமுக்குனாங்க. நவம்பர்ல பேட்ரியாட்ஸ் வந்து 9 தடவை சாக் பண்ணி 19-3ன்னு ஜெயிச்சுட்டு போனாங்க, அதுவும் நம்ம சோல்ஜர் ஃபீல்டுலயே. நவம்பர் 12ஆம் தேதி கோஆர்டினேட்டர் ஷேன் வால்ட்ரன் வேலை போச்சு. அப்போ கணக்கு என்னன்னா 9 மேட்ச்ல 38 சாக்.

அவருக்கு பதிலா தாமஸ் பிரவுன் ப்ளே கூப்பிட ஆரம்பிச்சாரு. நேர்மையா சொல்லணும், முதல் ரெண்டு மூணு வாரம் வித்தியாசம் தெரிஞ்சுது. பந்து சீக்கிரம் கையை விட்டுப் போச்சு, வைக்கிங்ஸ் மேட்ச்ல அந்தப் பையன் 340 யார்ட் போட்டான், ஓவர்டைம் வரைக்கும் போய் தோத்தோம். அப்பாடா வால்ட்ரன் தான் பிரச்சனை போலன்னு எல்லாரும் மூச்சு விட்டாங்க. அப்புறம் என்ன ஆச்சு? டிசம்பர்ல சான் பிரான்சிஸ்கோல முதல் பாதி முழுக்க மொத்த ஆஃபென்சும் சேர்ந்து 4 யார்ட். நாலே நாலு. அந்த மேட்ச்ல 7 சாக். சீஹாக்ஸ்கிட்ட 6-3ன்னு தோத்த மேட்ச்ல இன்னொரு 7. கோஆர்டினேட்டர் மாறின பிறகு இருந்த 8 மேட்ச்ல 30 சாக், சீசன் மொத்தம் 68. மேட்ச்சுக்கு நாலுக்கு கொஞ்சம் மேல இருந்தது நாலுக்கு கொஞ்சம் கீழ வந்துச்சு, ஒரு மனுஷன் வேலையை எடுத்ததுக்கு கெடச்ச பலன் அவ்வளவு தான்.

இந்த 68ங்கிற நம்பரை எனக்கு வேற இடத்துலயும் தெரியும். 2005 ஹூஸ்டன் டெக்சன்ஸ், குவார்ட்டர்பேக் டேவிட் கார். அவரும் டிராஃப்ட்ல முதல் ஆளா வந்தவர் தான், புது டீமோட முதல் சீசன் 2002ல 76 சாக் வாங்குனாரு, அந்த ரெக்கார்டை இன்னைக்கு வரைக்கும் யாரும் தொடல. 2005ல முதல் ரெண்டு மேட்ச் தோத்த உடனே கோஆர்டினேட்டர் கிறிஸ் பாமரை தூக்கிட்டு ஜோ பெண்ட்ரியை போட்டாங்க, அவர் லைன் கோச் வேற. சீசன் முடிஞ்சப்போ டீம் 2-14 (2 வெற்றி, 14 தோல்வி), கார் வாங்குன சாக் 68. சிகாகோல நடந்த அதே கதை 19 வருஷம் முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கு, கடைசி நம்பர் கூட அதே நம்பர். டெக்சன்ஸ்ல இருந்த அஞ்சு வருஷத்துல கார் மொத்தம் 249 தடவை சாக் ஆனாரு. அவர் எப்படிப்பட்ட குவார்ட்டர்பேக்கா வந்திருப்பாருன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது, அது தான் எனக்கு வயிறு எரியிற விஷயம்.

வால்ட்ரனை நான் தூக்கி வெச்சு பேச வரல. அவர் பண்ண தப்பெல்லாம் கண்ணால பார்த்தோம். கோல்ட்ஸ் மேட்ச்ல 1 யார்ட் லைன்ல நாலாவது டவுன் (கிடைக்கிற நாலு வாய்ப்புல கடைசி), ஒரு யார்ட் போனா டச்டவுன், அங்க போய் பக்கவாட்டுல ஓடுற ஆப்ஷன் ப்ளேயை கூப்பிட்டு ஸ்விஃப்ட்டை 12 யார்ட் பின்னாடி போட்டு அமுக்குனாங்க. வாஷிங்டன்ல அதே மாதிரி கோல் லைன் பக்கத்துல, நாலாவது குவார்ட்டர்ல, பேக்கப் சென்டர் டக் கிரேமரை ஃபுல்பேக்கா நிக்க வெச்சு அவர் கையில பந்தைக் குடுத்து அது நழுவிப் போச்சு. அந்த மேட்ச் தான் கடைசி செகண்ட்ல ஜேடன் டேனியல்ஸ் வீசுன ஹெய்ல் மேரில (கடைசி நேரத்துல நம்பிக்கையை மட்டும் வெச்சு வீசுற நீள பாஸ்) 18-15ன்னு போனது. இதெல்லாம் சுத்தமான ப்ளே-காலிங் தப்பு, லைன் மேல பழி போட முடியாது. ஆனா இதே வால்ட்ரன் தான் 2022ல சியாட்டில்ல கோஆர்டினேட்டர், ரெண்டு ரூக்கி (முதல் வருஷ) டேக்கிள்களை (லைன் ஓரத்துல நிக்கிறவங்க) வெச்சுகிட்டு குவார்ட்டர்பேக் ஜீனோ ஸ்மித்தை கம்பேக் ப்ளேயர் ஆஃப் தி இயர் ஆக்குனாங்க, டீம் ப்ளேஆஃப் போச்சு. ரெண்டே வருஷத்துல ஒருத்தருக்கு வேலை மறந்துடுமா என்ன? அந்த ரெண்டு ரூக்கிகளும் நின்னு பிளாக் பண்ணாங்க, சிகாகோல வாரத்துக்கு ஒரு லைன், அடிபட்டு ஒருத்தர் போக இன்னொருத்தர் வர, கார்ட் நேட் டேவிஸை நடு சீசன்ல ரிலீஸே பண்ணிட்டாங்க.

இதைப் படிக்கிற நம்ம ஆட்கள்ல அமெரிக்கன் ஃபுட்பால் அவ்வளவா பார்க்காதவங்களும் இருப்பாங்க, அவங்களுக்காக கொஞ்சம் விளக்கிடுறேன். பந்து ஸ்னாப் ஆனதும் (சென்டர் பந்தை பின்னாடி குடுத்ததும்) குவார்ட்டர்பேக் முன்னாடி அஞ்சு பேர் நிப்பாங்க, நடுவுல சென்டர், ரெண்டு பக்கமும் கார்ட், வெளியில ரெண்டு டேக்கிள். எதிரணி சாதாரணமா நாலு பேரை அனுப்பும். அஞ்சு பேர் நாலு பேரை ரெண்டரை மூணு செகண்ட் தடுத்து நிறுத்தணும், கேக்குறதுக்கு ஈஸி, ஆனா வர்ற நாலு பேரும் 120, 130 கிலோ ஆளுங்க, குறுக்க மறுக்க மாறி மாறி பூந்து வருவாங்க. அந்த ரெண்டரை செகண்ட் கிடைச்சா தான் ரிசீவர் 15, 20 யார்ட் ஓடி திரும்பி நிக்க முடியும். அது கிடைக்கலன்னா கோஆர்டினேட்டர் கையில இருக்குற லேமினேட் பண்ண அந்தப் பெரிய ஷீட்ல பாதி ப்ளே செத்துப் போச்சுன்னு அர்த்தம். மிச்சம் இருக்குறது ஸ்க்ரீன், குட்டி ஸ்லான்ட், பக்கவாட்டு பாஸ்னு உடனே வீசுற சின்ன பாஸ்கள் தான். எதிரணிக்கு அது தெரியும், அவங்க முன்னாடி வந்து உக்காந்துக்குவாங்க. ரன் ஓடவும் வழி இல்லன்னா முதல் டவுன்ல ரெண்டு யார்ட் லாஸ், ரெண்டாவது டவுன் 12 யார்ட், மூணாவது டவுன் 11 யார்ட், இப்போ வர்றது பாஸ் தான்னு மைதானத்துல தண்ணி பாட்டில் குடுக்குற பையனுக்கு கூட தெரியும். டிவில பார்க்குறவங்க என்னடா இது ஒரே மாதிரி ப்ளேயா கூப்பிடுறான் மூளையே இல்லையான்னு திட்டுவாங்க. ஈர விறகை குடுத்துட்டு சோறு வேகலன்னு சமையல் மாஸ்டரை மாத்துற கதை தான் அது.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. மோசமான ப்ளே-காலிங் நல்ல லைனையே கேவலமா காட்டும். ரன் ப்ளேயே கூப்பிடாம குவார்ட்டர்பேக்கை எப்பவும் ஷாட்கன்ல (சென்டருக்கு சில யார்ட் பின்னாடி) நிக்க வெச்சு பாஸ் பாஸ்னு போனா எதிரணி லைன்மேன் எதையும் யோசிக்காம குவார்ட்டர்பேக்கை நோக்கி ஓடி வருவான், அப்போ எந்த டேக்கிளும் திணறத்தான் செய்வான். ஒரு பக்கம் டேக்கிள் வீக்னு தெரிஞ்சா டைட் எண்டை (லைன் ஓரத்துல நின்னு பிளாக்கும் பண்ற ரிசீவர்) அங்க நிறுத்தி ஒரு இடி இடிச்சுட்டு போக சொல்லணும், ரன்னிங் பேக்கை பின்னாடி நிறுத்தணும், பாக்கெட்டை (லைன் குவார்ட்டர்பேக்கை சுத்தி அமைக்குற பாதுகாப்பு இடம்) நகர்த்தணும். இது எதையும் பண்ணாம ரூக்கி டேக்கிளை ஒத்தையில விட்டுட்டு அவன் தோத்துட்டான்னு சொன்னா அது கோஆர்டினேட்டர் தப்பு தான். குவார்ட்டர்பேக்குக்கும் பங்கு உண்டு. வில்லியம்ஸ் பந்தை ரொம்ப நேரம் கையில வெச்சிருந்தாரு, காலேஜ்ல சுத்தி சுத்தி ஓடி தப்பிச்ச பழக்கம், அந்த 68ல கணிசமானது அவரே வரவழைச்சுகிட்டது. அதை மறைச்சு லைனை மட்டும் திட்டுறவங்களோடயும் எனக்கு சண்டை உண்டு.

அப்போ எதை வெச்சு முடிவு பண்றது? உங்ககிட்ட ஃபில்ம் இருக்கு, எங்களுக்கு கிடைக்காத கோணத்துல எல்லாம் இருக்கு. ஒவ்வொரு சாக்கையும் போட்டு முதல்ல ஒண்ணே ஒண்ணு பாருங்க, எத்தனை பேர் வந்தாங்க எத்தனை பேர் தடுத்தாங்கன்னு. நாலு பேர் வந்து அஞ்சு பேரையோ ஆறு பேரையோ ரெண்டரை செகண்ட்குள்ள தாண்டிட்டாங்கன்னா அதுக்கு கோஆர்டினேட்டர் என்ன பண்ணுவாரு, அது பிளாக்கிங். ஆறு பேர் வந்து அஞ்சு பேர் தான் தடுக்க இருந்து சீக்கிரம் வீச ஒரு ரிசீவரும் திரும்பலன்னா அது திட்டத்துல ஓட்டை. நாலு செகண்ட் சுத்தமான பாக்கெட் இருந்தும் சாக் ஆச்சுன்னா குவார்ட்டர்பேக்கையும் ரிசீவர்களையும் கேளுங்க. எதிரணி முன்னாடி ஆறு பேரை மட்டும் நிறுத்தியும் ரன்னிங் பேக் லைனையே தாண்டலன்னா அதுக்கு மேல சாட்சி வேணுமா? அதே ஃபில்ம்ல ரிசீவர் தனியா நின்னு கையை ஆட்டிட்டு இருக்கானான்னும் பாருங்க, நின்னா ப்ளே நல்ல ப்ளே தான், பந்து போய் சேர நேரம் தான் கிடைக்கல. இதை உங்க ஸ்டாஃப் ரெண்டு மூணு நாள்ல முடிச்சுடுவாங்க. ஒருத்தர் பொழைப்பை எடுக்குறதுக்கு முன்னாடி இந்த வேலையை பண்ணுங்கன்னு தான் கேக்குறேன்.

நல்லா பண்ண டீமும் இருக்கு. 2021 பிப்ரவரி, சூப்பர் பவுல் 55 (லீக்கோட இறுதிப்போட்டி), கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் 31-9ன்னு டாம்பா பேகிட்ட தோத்தாங்க. ரெண்டு டேக்கிளும், எரிக் ஃபிஷர், மிட்செல் ஷ்வார்ட்ஸ், அடிபட்டு வெளியில. டாம்பா பே பெருசா ப்ளிட்ஸ் (நாலு பேருக்கு மேல அனுப்புறது) கூட பண்ணல, நாலு பேரையே அனுப்பி குவார்ட்டர்பேக் மஹோம்ஸை மைதானம் பூரா துரத்தி விட்டாங்க, 29 தடவை பிரஷர், ஒரு டச்டவுன் கூட வரல. அன்னைக்கு ப்ளே கூப்பிட்டது ஆண்டி ரீட், இந்த ஆட்டத்துல இதுவரைக்கும் இருந்த மிகச்சிறந்த ப்ளே-காலர்கள்ல ஒருத்தர். அவர் ஷீட்ல இல்லாத ப்ளேயா? அந்த ராத்திரி எதுவும் வேலைக்கு ஆகல. சீஃப்ஸ் என்ன பண்ணாங்க? ரீட் மேல கை வைக்கல. அடுத்த சீசன் தொடங்கும்போது லைன்ல அஞ்சு பேரும் புது ஆள். ஜோ தூனிக்கு 5 வருஷத்துக்கு 80 மில்லியன் டாலர், ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியரை டிரேட்ல வாங்குனாங்க, ரெண்டாவது ரவுண்ட்ல க்ரீட் ஹம்ஃப்ரி, ஆறாவது ரவுண்ட்ல ட்ரே ஸ்மித். 2023 பிப்ரவரில சூப்பர் பவுல் 57ல எதிர்ல ஈகிள்ஸ், அந்த சீசன்ல 70 சாக் போட்ட டிஃபென்ஸ். மஹோம்ஸை ஒரு தடவை கூட சாக் பண்ண முடியல. 38-35, கப்பு சீஃப்ஸ்க்கு.

அதே சீஃப்ஸ் அப்புறம் லெஃப்ட் டேக்கிளை சரியா அடைக்காம விட்டாங்க, 2024 சீசன் கடைசில கார்ட் ஆன தூனியை இழுத்துட்டு போய் லெஃப்ட் டேக்கிள்ல நிறுத்துற நிலைமை, 2025 பிப்ரவரில அதே ஈகிள்ஸ் ப்ளிட்ஸே பண்ணாம 6 சாக் போட்டு 40-22ன்னு ஜெயிச்சாங்க. ப்ளே கூப்பிட்டது ரெண்டு தடவையும் அதே ஆண்டி ரீட், குவார்ட்டர்பேக்கும் அதே மஹோம்ஸ். நடுவுல மாறுனது யாருன்னு நீங்களே பாருங்க. நாலு சூப்பர் பவுல் ஜெயிச்ச அந்த தூனியை தான் பேர்ஸ் 2025 மார்ச்ல ஒரு நாலாவது ரவுண்ட் பிக்கை குடுத்து வாங்குனாங்க.

அங்க இருந்து தான் எங்க கதை திரும்புச்சு. ஜனவரில பென் ஜான்சன் ஹெட் கோச்சா வந்தாரு, டெட்ராய்ட்ல நாட்டையே அசர வெச்ச ப்ளே-காலர். இப்போ எல்லாரும் பேசுறது அவரைப் பத்தி மட்டும் தான், பேசட்டும், பேச வேண்டிய ஆள் தான். ஆனா அவர் டெட்ராய்ட்ல கூப்பிட்ட ப்ளே எல்லாம் பெனே சூவல், ஃப்ராங்க் ராக்னோ, டெய்லர் டெக்கர்னு நாட்டுலயே பலமான லைனுக்கு பின்னாடி நின்னு கூப்பிட்டது. அவர் சிகாகோ வந்த ரெண்டே மாசத்துல நடு லைன் மூணு பேரும் மாறியாச்சு, தூனி, ராம்ஸ்ல இருந்து ஜோனா ஜாக்சன், சென்டருக்கு ஃபால்கன்ஸ்ல இருந்து ட்ரூ டால்மன் 3 வருஷம் 42 மில்லியனுக்கு. ஜாக்சன் டெட்ராய்ட்லயே ஜான்சன்கிட்ட ஆடுனவர். 2025 சீசன்ல வில்லியம்ஸ் வாங்குன சாக் 24. அறுபத்தெட்டுல இருந்து இருபத்திநாலு! லெஃப்ட் டேக்கிள்ல ஆள் மாறிட்டே இருந்தும் நடு மூணு பேர் அசையாம நின்னதால பாக்கெட் உள்ள இடியல, ரன் ஓடுச்சு, ரன் ஓடுனதால ப்ளே-ஆக்ஷன் (ரன் மாதிரி ஏமாத்தி பாஸ் வீசுறது) பலிச்சுது, 5-12 டீம் 11-6 ஆகி டிவிஷனை ஜெயிச்சுது, ப்ளேஆஃப்ல பேக்கர்ஸை 31-27ன்னு துரத்தி அடிச்சுது. அன்னைக்கு நான் அழுதேன், சொல்றதுக்கு எனக்கு வெக்கம் இல்ல.

ரெண்டும் ஒரே நேரத்துல மாறுனதால எது எவ்வளவுன்னு பிரிச்சு சொல்ல முடியாதேன்னு கேப்பீங்க. சரி தான், கிராம் கணக்குல பிரிக்க முடியாது. ஆனா ப்ளே-காலரை மட்டும் மாத்திப் பார்த்த வருஷம் நம்மகிட்டயே இருக்கு, 2024ல 38ம் 30ம், ஹூஸ்டன்ல 2005. லைனை மட்டும் மாத்திப் பார்த்த வருஷமும் இருக்கு, 2021 சீஃப்ஸ். இதை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா முதல்ல எங்க கை வைக்கணும்னு தெரியும். நல்ல ப்ளே-காலர் நல்ல லைனை இன்னும் மேல தூக்குவாரு, மோசமான லைனை வெச்சு ரெண்டு மூணு வாரம் சமாளிப்பாரு, தாமஸ் பிரவுன் பண்ண மாதிரி, அதுக்கு மேல எதிரணி ஃபில்ம் பார்த்து அடைச்சுடுவான்.

கோபம் யார் மேலன்னா, லைனை வாங்கிக் குடுக்க வேண்டியவங்க மேல. கோஆர்டினேட்டர் ஆளை எடுக்குறதில்ல, நீங்க எடுக்குறீங்க. எங்க ஜெனரல் மேனேஜர் ரயன் போல்ஸ் காலேஜ்ல ஆஃபென்சிவ் லைன்ல ஆடுனவர், பாஸ்டன் காலேஜ். அவருக்கே தெரியாததா? இருந்தும் 2024ல காசும் டிராஃப்டும் ரிசீவருக்கு போச்சு, லைனுக்கு ஒரு மூணாவது ரவுண்ட் பிக்கும் சில்லறை ஒப்பந்தங்களும் தான். அடுத்த வருஷம் அவரே அதை சரி பண்ணாரு, அதுக்கு மனசார நன்றி. ஆனா அந்த ஒரு வருஷ விலையை குடுத்தது ஒரு 22, 23 வயசு பையனோட உடம்பும், வேலை போன கோச்களும். ஹூஸ்டனைப் பாருங்க, 2023 சீசன் முடிஞ்சதும் கோஆர்டினேட்டர் பாபி ஸ்லோவிக்கை ஹெட் கோச் இன்டர்வியூவுக்கு வரிசையா கூப்பிட்டாங்க, 2024ல குவார்ட்டர்பேக் சிஜே ஸ்ட்ரவுட் 52 சாக் வாங்குனாரு, ப்ளேஆஃப்ல ஒரு மேட்ச்ல இன்னொரு 8, ஜனவரில ஸ்லோவிக் வெளியில. ஒரே வருஷத்துல மேதையும் அவரே, முட்டாளும் அவரேன்னு சொல்றது எனக்கு ஒத்துக்கல.

லைன் கட்டுறது மெதுவான வேலைன்னு தெரியும். அஞ்சு பேர் சேர்ந்து ஆடி ஒருத்தர் தோள் இன்னொருத்தருக்கு பழகணும், நவம்பர்ல கடைக்கு போய் வாங்க முடியாது. கோச்சை தூக்குறது ஒரே காலைல முடிஞ்சுடும், ரசிகர்களும் அன்னைக்கு சந்தோஷப்படுவாங்க, அதனால தான் அந்தப் பக்கமே கை போகுது. உங்ககிட்ட நான் கேக்குறது இது தான். அடுத்த தடவை ஸ்டேடியமே சேர்ந்து கத்தும்போது அந்த வாரம் யாரையும் தூக்காதீங்க. எத்தனை சாக், எது யாரால வந்துச்சுன்னு ஓனர் மேசை மேல ஒரு தாள் வரட்டும், ஜெனரல் மேனேஜர் கையெழுத்தோட. அதுல பாதிக்கு மேல நாலு பேர் அஞ்சு பேரை தாண்டுனதுன்னு இருந்தா கோஆர்டினேட்டரை விட்டுடுங்க, டிசம்பர்லயே உங்க ஸ்கவுட்களை கார்டும் சென்டரும் தேட அனுப்புங்க, மார்ச்ல ஃபிரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிஞ்ச ஆட்டக்காரங்களை எடுக்குற காலம்) திறக்குற முதல் நாள் முதல் போன் ரிசீவருக்கு போகாம ஒரு லைன்மேனுக்கு போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு சிகாகோ பேர்ஸ் ரசிகன்